'பேசும் நிலையில் இல்லை' என்று எழுதுவதற்கு முன்: தீக்காய வாக்குமூலங்கள் பற்றி ஒரு திறந்த மடல்

உயர் நீதிமன்றத்தின் மாண்பமை நீதிபதிகளுக்கும், மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும்,

அரசு மருத்துவமனை ஒன்றின் தீக்காய வார்டில் நெடுநாளாக வேலை பார்க்கும் செவிலியர் நான். எங்கள் வார்டில் இறந்துபோன ஒரு பெண்ணின் வழக்கில் அண்மையில் தீர்ப்பு வந்தது. நடுவர் (மாஜிஸ்திரேட்) நேரில் வந்து பதிந்த மரண வாக்குமூலம் இருந்தும், அதை நம்ப இயலாது என்று கூறி எல்லோரும் விடுவிக்கப்பட்டார்கள். அவர்கள் குற்றம் செய்தார்களா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. அதைத் தீர்மானிப்பது என் வேலையும் இல்லை. ஆனால் வாக்குமூலத்தைத் தள்ளியதற்குச் சொன்ன காரணங்களைப் படித்தபோது பேசாமல் இருக்க முடியவில்லை. 80 விழுக்காடு வெந்த உடம்போடு ஒருவர் கோர்வையாகப் பேசியிருக்க முடியாதாம். வலியைத் தணிக்கும் மார்ஃபின் ஊசி போட்டிருந்ததால் சுயநினைவு இருந்திருக்காதாம்.

இரண்டுமே மருத்துவத்தில் நிற்காத வாதங்கள். அந்தப் பெண் அன்றிரவு பேசியதை நான் கேட்டிருக்கிறேன்.

விழுக்காட்டிலிருந்தே தொடங்குகிறேன். நாங்களும் வார்டில் '80 பர்சென்ட் கேஸ்' என்றுதான் நோயாளியைக் குறிப்பிடுகிறோம். அந்த எண் எதற்காக? எவ்வளவு திரவம் ஏற்ற வேண்டும், பிழைக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுவதற்காக. தலையும் கழுத்தும் 9, ஒரு கை 9, ஒரு கால் 18, மார்பும் வயிறும் 18, முதுகு 18 என்று உடம்பின் மேற்பரப்பைப் பிரித்துக் கூட்டுகிறோம். அதில் குரல்வளைக்கு இடமே இல்லை, மூளைக்கும் இல்லை. மூடிய அறைக்குள் புகையில் மாட்டிக்கொண்டவருக்கு வெளியில் 15 விழுக்காடுதான் வெந்திருக்கும், ஆனால் ஒரு சொல்லும் வராது. கழுத்துக்குக் கீழே முழுக்க வெந்து வந்தவர், கட்டிலில் படுத்தபடி, யாருக்கு எவ்வளவு கடன் பாக்கி என்பதுவரை கணவரிடம் கணக்குச் சொல்வார். இரண்டையும் பார்த்திருக்கிறோம்.

இன்னொன்றையும் வெளியார் நம்ப மாட்டார்கள். தோல் முழு ஆழத்துக்கும் வெந்துவிட்டால் அந்த இடத்தில் நரம்பு முனைகளும் அழிந்துவிடுகின்றன. அதனால் மிக மோசமாக வெந்தவர்கள் வந்த புதிதில் அலறுவதில்லை. தண்ணீர் கேட்பார்கள், குளிருகிறது என்பார்கள், பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்பார்கள். அந்த முதல் சில மணி நேரத்தில் அவர்கள் பேச்சு பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். '100 விழுக்காடு வெந்தவர் வாக்குமூலம் தர முடியாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை' என்ற கருத்தில் உச்ச நீதிமன்றமே 2013-இல் தல் சிங் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனாலும் விசாரணை நீதிமன்றங்களில் அந்த எண்ணை வைத்தே குறுக்கு விசாரணை தொடங்குகிறது.

உண்மையில் பார்க்க வேண்டியது கடிகாரத்தை. சூடான காற்றையும் புகையையும் மூச்சில் இழுத்தவரின் குரல்வளை உடனே அடைத்துக்கொள்ளாது. முதலில் குரல் லேசாகக் கரகரக்கும். கரியோடு சளி வரும். பிறகு மணிக்கு மணி வீக்கம் ஏறும். நாம் ஏற்றுகிற திரவமும் அந்த வீக்கத்தைக் கூட்டும். ஒரு கட்டத்தில் மூச்சு இழுக்கும்போது கீச்சென்ற ஓசை கேட்கும், அப்போது மயக்க மருந்து மருத்துவர் ஓடி வருவார். வீங்கிய தொண்டையில் பிறகு செயற்கைச் சுவாசத்துக்கான குழாய் நுழையாது என்பதால் நல்ல மருத்துவர்கள் அதுவரைகூடக் காத்திருப்பதில்லை, குரல் மாறத் தொடங்கியதுமே குழாய் போட்டுவிடுவார்கள். அந்தக் குழாய் குரல்நாண்களுக்கு நடுவே போகிறது. அதற்குப் பிறகு அவருக்குக் குரல் இல்லை, நினைவு மட்டும் இருக்கலாம். ஆக, வாய்திறந்து பேசக்கூடிய நேரம் பலருக்கும் சில மணி நேரம்தான். காவல் நிலையத்துக்குத் தகவல் போய், அங்கிருந்து நடுவருக்குக் கோரிக்கை போய், அவர் வந்து சேர்வதற்குள் அந்த நேரம் முடிந்துவிடுகிறது.

மார்ஃபின் விஷயத்துக்கு வருகிறேன். அந்த வழக்கில் மருந்து அட்டையோடு என்னைச் சாட்சிக்கு அழைத்தார்கள். 'மார்ஃபின் மயக்கம் தரும் மருந்துதானே? ஆம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்' என்றார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். எவ்வளவு, எந்த வழியில், எத்தனை மணிக்கு, கூடவே வேறு என்ன மருந்து என்று நான் சொல்லத் தொடங்கினேன். 'கேட்டதற்கு மட்டும் பதில்' என்று நிறுத்தினார்கள். 'ஆம்' என்றேன், அது மட்டும் பதிவானது. வலியைத் தணிக்கும் அளவில் தரும் மார்ஃபின் ஒருவரைத் தூங்கவைக்கலாம், வைக்காமலும் போகலாம். தட்டிக் கேட்டால் தெளிவாகப் பதில் சொல்பவர்களை நாள்தோறும் பார்க்கிறோம். மிடாசோலம் போன்ற தூக்க மருந்தின் கதை வேறு, அது கொடுத்த பிறகு நடப்பது நினைவில் பதியாமலே போகலாம். இந்த வேறுபாடு 'ஆம், இல்லை'க்குள் அடங்குமா? தொண்டையில் குழாய் ஏதும் இல்லாத எனக்கே அந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்ல முடியவில்லை. குழாயோடு படுத்திருப்பவரிடம் அதே இரண்டு சொற்களைக் கொடுத்து ஒரு கொலையை விவரிக்கச் சொல்கிறோம்.

இப்படி ஒரு வாதம் வரும் என்று பயந்து, 'வாக்குமூலம் முடியட்டும், அதுவரை ஊசி வேண்டாம்' என்று சொல்பவர்களும் உண்டு. தயவுசெய்து இதை நிறுத்தச் சொல்லுங்கள். தாங்க முடியாத வலியில் இருப்பவரின் கவனமும் சிதறத்தான் செய்யும். ஊசி போடாததால் வாக்குமூலத்துக்கு ஒரு தூய்மையும் வந்துவிடாது.

தீக்காயமுற்ற எல்லோரும் எப்போதும் தெளிவாக இருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கார்பன் மோனாக்சைடை மூச்சில் இழுத்தவர் குழம்பிப் பேசலாம். அப்போது விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் 98 என்று பொய்யாகக் காட்டும், ஏனென்றால் அதற்கு இரண்டு வாயுக்களையும் பிரித்தறியத் தெரியாது. நாள் செல்லச் செல்லக் கிருமித்தொற்று ரத்தத்தில் ஏறினால் சித்தக் குழப்பம் வரும். காலையில் மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சரியாகப் பேசியவர், இரவில் என்னைத் தன் அக்கா என்று நினைத்துத் திட்டுவார். குழப்பம் ஏறும் இறங்கும், அதுதான் அதன் இயல்பு. ஆனால் அதை அளக்க வழி இருக்கிறது. குழாய் போட்ட, பேச முடியாத நோயாளிகளுக்கென்றே 2001-லிருந்து ஒரு சோதனை முறை உலகெங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பயன்படுகிறது. சில எழுத்துகளை வரிசையாகச் சொல்லி, குறிப்பிட்ட ஓர் எழுத்து வரும்போது மட்டும் கையை அழுத்தச் சொல்வோம். கல் தண்ணீரில் மிதக்குமா, கடலில் மீன் உண்டா, சுத்தியலால் ஆணி அடிக்கலாமா என்று கேட்போம், தலையசைத்தால் போதும். சில நிமிட வேலை. இவ்வளவு இருக்க, நீதிமன்றத்துக்குப் போகும் சான்றிதழில் 'நினைவுடனும் தெளிவுடனும் இருந்தார்' என்று ஒரே வரி. எத்தனை மணிக்கு? எதை வைத்து? கேள்விகள் முடியும்போதும் அப்படியே இருந்தாரா? ஒன்றும் இருக்காது. மருத்துவரின் சான்று கட்டாயமல்ல, நடுவர் மனநிறைவு அடைந்தால் போதும் என்று 2002-இல் லக்ஷ்மண் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு சொன்னது. அது சரியான தீர்ப்பே. ஆனால் எழுதுகிற சான்றை இப்படி எழுதினால், அது எதிர்த்தரப்புக்குத்தான் உதவுகிறது.

அந்தப் பெண்ணின் வாக்குமூலத்தைப் பிறகு நான் நகலில் படித்தேன். 'எனது கணவருக்கும் எனக்கும் அடிக்கடி கருத்து வேறுபாடு ஏற்பட்டு வந்த நிலையில்' என்று தொடங்குகிறது. அவர் அப்படிப் பேசவில்லை. 'சண்ட... ராத்திரி... ஊத்திட்டாரு' என்று மூச்சு வாங்க வாங்கத் துண்டு துண்டாகச் சொன்னார். நடுவில் தண்ணீர் கேட்டார், ஒரு கேள்விக்கு வெகுநேரம் பதிலே சொல்லவில்லை. எழுதியவர் கெட்ட எண்ணத்தில் மாற்றவில்லை, அலுவலகத் தமிழில் ஒழுங்குபடுத்தினால்தான் மரியாதை என்று நினைத்திருப்பார். அந்த ஒழுங்கே வினையாயிற்று. இவ்வளவு கோர்வையாக யார் பேசியிருக்க முடியும் என்று கேட்டால், யாரும் பேசியிருக்க முடியாதுதான். அவர் சொன்னபடியே துண்டுகளாகவும், திணறலும் மௌனமுமாகவும் பதிந்திருந்தால் அந்தச் சந்தேகத்துக்கே இடம் இருந்திருக்காது.

உதடு வெந்தவர்களின் பேச்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முகம் வீங்கியதும் இரண்டு உதடுகளும் ஒட்டாது. உதடு ஒட்டாமல் ப வராது, ம வராது, வ-வும் தேய்ந்துவிடும். நம் வீட்டு உறவுகளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: அம்மா, அப்பா, மாமா, மாமியார், மாமனார், புருஷன். அத்தனையும் உதட்டில் இருக்கின்றன. மாமியாருக்கும் மாமனாருக்கும் இடையில் மிஞ்சுவது ஒரு 'யா', ஒரு 'னா'. கணவனை 'மாமா' என்று கூப்பிடும் பெண், யார் செய்தது என்ற கேள்விக்கு அந்தச் சொல்லையே சொன்னாலும் வெளியே வருவது 'ஆ... ஆ' மட்டும்தான். அதைக் கேட்பவர் 'வலியில் முனகுகிறார்' என்று எழுதிக்கொள்வார். எந்த ஒலிகள் போய்விட்டன, எவை மிஞ்சியிருக்கின்றன என்று தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் அது முனகலா பதிலா என்று பிரித்துச் சொல்ல முடியும். பேச்சு சிகிச்சை நிபுணரின் படிப்பே அதுதான். ஆனால் வாக்குமூலம் பதியும்போது அவர்களை யாரும் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை.

தீர்ப்பு வந்த வழக்கிலாவது ஒரு வாக்குமூலம் இருந்தது. இன்னொரு பெண்ணுக்கு அதுவும் இல்லை. நடுவர் வந்தபோது அவருக்குக் குழாய் போட்டாகிவிட்டது. 'பேசும் நிலையில் இல்லை, வாக்குமூலம் பதிய இயலவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டுப் போனார். மறுபடி யாரும் வரவில்லை. அந்தப் பெண் அதற்குப் பிறகு பல நாள் விழித்தபடி இருந்தார். கை இரண்டும் கட்டுப் போட்டிருந்ததால் எழுத முடியாது. ஆனால் தலையசைத்தே பிள்ளை எங்கே இருக்கிறது என்று எங்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். தமிழில் 247 எழுத்துகளை ஒரு பலகையில் காட்டிக்கொண்டிருக்க முடியாது. முதலில் மெய் வரிசையை வாசித்து எது என்று தலையாட்டச் சொல்லி, பிறகு உயிர் வரிசையை வாசிப்போம். மெதுவாகத்தான் போகும், என்றாலும் ஒரு பெயர் வந்துவிடும். அவர் ஒரு பெயரைச் சொல்லவும் செய்தார். அதைப் பதிய வேண்டியவர் யாரும் அங்கே இல்லை. வேலை நேரத்தில் செவிலியர் கேட்டது கேஸ் ஷீட்டில் ஒரு வரியாக மட்டும் இருக்கிறது.

சைகையை ஏற்கச் சட்டத்தில் தடை ஏதும் இல்லை. தொண்டை அறுபட்ட துலாரி என்ற பெண் கையசைத்துச் சொன்ன பதில்களை 1885-லேயே அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு வாக்குமூலமாக ஏற்றது. 1994-இல் மீசால ராமகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் தலையசைப்பை ஏற்று, என்ன கேள்வி கேட்கப்பட்டது, அது எளிய கேள்வியா, சைகை எவ்வளவு தெளிவாக இருந்தது என்பதையெல்லாம் பார்க்கச் சொன்னது. மரண வாக்குமூலத்தை நடுவரிடம்தான் சொல்ல வேண்டும் என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 32-ஆம் பிரிவிலும் இல்லை, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 26-ஆம் பிரிவிலும் இல்லை. நூறாண்டுக்கும் மேற்பட்ட சட்டம் கட்டிலருகே வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

கட்டிலருகே யார் நிற்கிறார்கள் என்பதும் ஒரு பெரிய விஷயம். முகம் வெந்தவர்களுக்கு முதல் இரண்டு மூன்று நாள் இமைகள் வீங்கி மூடிக்கொள்ளும். அறையில் யார் இருக்கிறார்கள் என்று அவர்களால் பார்க்க முடியாது. ஒரு பெண் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல், 'அவங்க வெளிய போயிட்டாங்களா' என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். போய்விட்டார்கள் என்று டாக்டர் சொன்னார். அவர் நம்பவில்லை. நான் எழுந்து போய்க் கதவைச் சாத்திய சத்தம் கேட்ட பிறகுதான் வாய் திறந்தார். அவசரப் பிரிவில் விபத்துப் பதிவேட்டில் எழுதும் முதல் வரியும் இப்படித்தான். 'எப்படி ஆச்சு' என்று டாக்டர் கேட்பார். தூக்கிவந்தவர் முந்திக்கொண்டு 'ஸ்டவ் வெடிச்சிருச்சு' என்பார். அது நோயாளி சொன்னதாகவே பதிவாகும். பிறகு அவர் தனியாக வேறு ஏதாவது சொன்னால், வாக்குமூலங்கள் முரண்படுகின்றன என்று நீதிமன்றம் இரண்டையும் தள்ளும்.

பிழைத்தவர்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவர்கள் சொன்னது மரண வாக்குமூலம் ஆகாது, கூண்டேறித்தான் சாட்சி சொல்ல வேண்டும். அதற்குள் வாயைச் சுற்றிய தழும்பு சுருங்கி ஒரு கரண்டி நுழையும் அளவுக்கு வாய் குறுகியிருக்கும், தாடை கழுத்தோடு இழுபட்டிருக்கும், குரல் காற்றாக இருக்கும். 'சத்தமாச் சொல்லும்மா' என்பார்கள். முடிந்தால் சொல்ல மாட்டாரா?

மாண்பமை நீதிபதிகளே, நான் கேட்கும் மாற்றங்கள் குற்றம்சாட்டப்பட்டவருக்கும் தேவையானவை. தீக்காய வாக்குமூலங்களின் பேரில் தூக்குத் தண்டனை பெற்ற இர்ஃபான் என்பவரை, அந்த வாக்குமூலங்கள் நம்பிக்கை தரவில்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. பதிவு சரியாக இருந்தால் உண்மை எந்தப் பக்கம் இருந்தாலும் அது தெரியவரும்.

குற்றவியல் நடைமுறை விதிகளை வகுக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்திடம் இருக்கிறது. அதில் கீழ்க்கண்டவற்றைச் சேர்க்க வேண்டுகிறேன். தீக்காயமுற்றவரின் வாக்குமூலம் ஒவ்வொன்றும் முதல் கேள்விக்கு முன்பிருந்து கடைசிப் பதிலுக்குப் பின்வரை இடைவெட்டில்லாமல் ஒலி, ஒளிப் பதிவாக வேண்டும். எழுத்துப் பதிவு கேள்வி பதிலாக, அவர் வாயிலிருந்து வந்த சொற்களிலேயே, மௌனங்களையும் குறித்தபடி இருக்க வேண்டும். அறையில் இருந்தவர் ஒவ்வொருவரின் பெயரும் அதில் வேண்டும், உறவினர் வெளியே அனுப்பப்பட்டதை நோயாளிக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். குழாய் போட்டிருந்தால், இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற பேச்சு சிகிச்சை நிபுணரை அழைத்துச் சைகையாலோ பலகையாலோ பதிய வேண்டும். ஒரே கேள்வியைத் திருப்பிப் போட்டும் கேட்க வேண்டும், எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறாரா என்று அப்போதுதான் தெரியும். 'பேசும் நிலையில் இல்லை' என்று எழுதும் நடுவர், மறுபடி எப்போது வருவார் என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். பிழைத்த சாட்சிகளுக்கு மைக்கும் இடைவேளையும் உரைத்துச் சொல்ல ஒரு நிபுணரும் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் தாம் விரும்பும் தொடர்பு முறையில் சாட்சியம் தர வசதி செய்ய வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு அரசுக்கு ஏற்கெனவே கட்டளையிட்டிருக்கிறது.

செயலாளர் அவர்களிடம் கேட்பவை: தகுதிச் சான்றிதழின் ஒரு வரியை எடுத்துவிட்டு ஒரு படிவம் தாருங்கள். குரல் எப்படி இருந்தது, குழாய் உண்டா, கடைசியாக என்ன மருந்து எத்தனை மணிக்கு, கவனச் சோதனையில் தொடக்கத்திலும் முடிவிலும் என்ன விடை என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். விபத்துப் பதிவேட்டில் 'சொன்னவர் யார்' என்று ஒரு கட்டம் சேருங்கள். குழாய் போட வேண்டிய நிலை வந்தால், உயிருக்கு ஆபத்தில்லாத பட்சத்தில், அதற்கு முன் 'என்ன நடந்தது' என்ற ஒற்றைக் கேள்வியைக் கேட்டுப் பதிவுசெய்ய மருத்துவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுங்கள். அதற்காகக் குழாயை ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது என்பதையும் அதே உத்தரவில் சேருங்கள். தீக்காய வார்டு உள்ள ஒவ்வொரு மருத்துவமனையிலும் பேச்சு சிகிச்சை நிபுணர் பணியிடத்தை நிரப்புங்கள்.

இந்த உத்தரவுகள் தமிழில் வரட்டும். நள்ளிரவில் அவசரப் பிரிவில் இருக்கும் பயிற்சி மருத்துவரும், காவலரும், நானும் படித்து உடனே செய்யும்படி ஒரே பக்கத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தீக்காயப் பிரிவுச் செவிலியர் ஒருவர்